விரிசல் விடாத பூச்சு

பேராசிரியர் ஜமீலாவின் ஆய்வுக்கூடத்தில் விமான இன்ஜின் பிளேடுகளுக்குப் பீங்கான் பூச்சு பூசிச் சோதிப்பார்கள். இன்ஜினுக்குள் எரியும் நெருப்பில் உலோகம் உருகிவிடாமல் காப்பது அந்த மெல்லிய பூச்சுதான்.

பொற்கொடி அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்தவள். அவளுக்கும் ஆசிரியைக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்தத் தம்பி போன மாதம் சாலை விபத்தில் இறந்துபோனான். காரியம் முடிந்த கையோடு அவள் வேலைக்கு வந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பூச்சு தெளிக்கும் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் பூசிய பூச்சு கண்ணாடிபோல இருந்தது. மைக்ராஸ்கோப்பில் தேடினாலும் மயிரிழை விரிசல் கிடையாது. ஆனால் உலையில் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கினால் ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. இன்னும் இறுக்கமாகப் பூசினாள். இன்னும் சீக்கிரம் விழுந்தது.

ஒரு மத்தியானம் பெயர்ந்த சில்லுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஆசிரியையின் அறைக்கு வந்தாள்.

"எதுல தப்பு பண்றேன்னு தெரியல மேடம். ஒரு விரிசல்கூட விடல."

ஜமீலா அலமாரியைத் திறந்து, பூச்சுள்ள சிறு பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க."

பொற்கொடி குனிந்து பார்த்தாள். பூச்சு நெடுக, மேலிருந்து கீழாக, மெல்லிய விரிசல்கள்.

"இந்தப் பூச்சு எப்போ பெயர்ந்து விழுந்துச்சு?"

"விழல. வருஷக்கணக்காப் பறந்த இன்ஜின்லேர்ந்து அறுத்தெடுத்தது."

"இத்தனை விரிசலோடயா?"

"சூடேறினா உலோகம் விரியுது. பீங்கானால அந்த அளவுக்கு விரிய முடியாது. இது அங்கங்க பிளந்து இடம் கொடுத்துச்சு. அதனால ஒட்டிக்கிட்டே நின்னுது."

"என்னோடது?"

"கடைசிவரைக்கும் இறுக்கிப் பிடிச்சுச்சு."

பொற்கொடி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையிலிருந்த தட்டில் சில்லுகள் மட்டும் கிணுகிணுத்தன. ஜமீலா மெல்ல அந்தத் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"அப்போ நான் என்ன செய்யணும் மேடம்? பவுடரை மாத்தவா? சூட்டைக் கூட்டிப் பூசவா?" கேள்விகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன.

ஜமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதெல்லாம் நாளைக்குப் பார்ப்போம். உங்க தம்பி பேர் என்ன பொற்கொடி? நான் கேக்கவே இல்லையே."

பொற்கொடி வாயைத் திறந்தாள். பேருக்கு முன்னால் அழுகை வந்தது.

ஜமீலா அவள் கையை விடவில்லை.