ஒரு புள்ளியும் குறையாமல்

"நாளைக்கு அந்தப் பொண்ணு சீட்டு கிழிஞ்சிடும்" என்று மாடிப்படியில் யாரோ சொன்னது ஜெபசீலியின் காதில் விழுந்தது.

கடலோர மாவட்டம் ஒன்றின் வரைபட அலுவலகத்தில் அவள் தற்காலிக ஊழியர். நாற்பது ஜிபி செயற்கைக்கோள் படத்தை நாலு ஜிபி பென்டிரைவில் அடக்க வேண்டும், ஒரு புள்ளி குறைந்தாலும் வேலை போய்விடும் என்று துணை இயக்குநர் வைகுண்டமணி உத்தரவு போட்டிருந்தார்.

மறுநாள் அந்தப் படத்தைத் திரையிடும் விழாவில், மேடைக்குப் பின்னால், மாவட்ட ஆட்சியர் எதிரிலேயே அவரிடம் பென்டிரைவை நீட்டினாள்.

"பத்துல ஒன்பது பங்கைத் தூக்கி எறிஞ்சிருக்கா மேடம்!" என்றார் வைகுண்டமணி.

"அந்த ஒன்பது பங்கும் கடல், சார். படத்தை அனுப்பினவங்களே அதை ஒரே கறுப்பா அடைச்சு வச்சிருக்காங்க. 'இத்தனை கோடி கறுப்புப் புள்ளி'ன்னு ஒரு தடவை குறிச்சாப் போதும். திறக்கும்போது அத்தனையும் திரும்ப வந்துடும்."

"காதுல பூ சுத்தாதே!"

"உங்க வரவேற்புரையைக் கொஞ்சம் கொடுங்க, சார்."

பன்னிரண்டு பக்கம் இருந்தது. ஜெபசீலி ஒரு வெற்றுத்தாளின் தலையில், 'அ என்றால், பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ஆட்சியர் அம்மா அவர்களே' என்று எழுதினாள். அடுத்து, 'ஆ என்றால், இத்தருணத்தில் நான் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்.' அந்த வரிகள் வந்த இடத்திலெல்லாம் எழுத்தை மட்டும் போட்டு மிச்சத்தை எழுதி முடித்தபோது அரைப் பக்கம்தான் ஆகியிருந்தது.

ஆட்சியர் அதை வாங்கி உரக்கப் படித்தார். "அ, ஆ, அ, அ, ஆ, அனைவரும் வருக, அ, ஆ, படம் பார்ப்போம், அ..." சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு வார்த்தைகூடக் குறையலையே சார்!" என்றார்.

வைகுண்டமணி மேடையேறி, "எல்லாரும் வாங்க, படம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜெபசீலியின் பென்டிரைவைத் தம் கையாலேயே கணினியில் செருகினார்.