பிரேக் மிதிக்குப் பின்னால்

"இன்னும் எத்தனை நாளைக்கு அம்மிணி இந்தத் தரையையே சுரண்டிக்கிட்டு இருக்கறது?" என்று கேட்டார் காளிங்கன்.

மெஹருன்னிசா ஒரு திருகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு நாளாச்சு. எஞ்சின் ஓடுது. சக்கரம் சுத்துது. சிவப்புப் பெயிண்ட் அடிச்சா வேலை முடிஞ்சுது."

"தரை முடியலைங்ண்ணா."

"தரையை எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்?"

"நீங்க."

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய அந்தக் கொட்டகைக்கு யார் யாரோ வருவார்கள். எஸ்டேட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த டாக்டர். ஒற்றைக் கதவுக்காக மூன்று வருஷம் ஊர் ஊராக அலைந்த வக்கீல். பழைய பந்தயக் கார்களின் மேல் பைத்தியம் பிடித்தவர்கள். நாற்பது வயது மெஹருன்னிசாவை அத்தனை பேரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினையும் பிரேக்கையும் அவள் பார்ப்பாள். தரைத் தகட்டை மட்டும் வண்டிக்காரர்தான் தன் கையால் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் இன்னொரு சுரண்டியைக் கொடுப்பாள்.

காளிங்கன் அறுபத்தாறு வயதில் முட்டி வலிக்கச் சுரண்டினார். மில் தொழிற்சங்கத் தலைவராக முதலாளிகளைத் தொழிலாளர் அலுவலக வாசலில் நாள் முழுக்க நிற்க வைத்தவர். தன்னை ஒருவர் இப்படி உட்கார வைப்பார் என்று அவர் நினைத்ததில்லை.

மில் மூடிய பிறகு ஷெட்டில் கிடந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் மோட்டாருக்கும் இரும்புக்கும் கை தூக்கினார்கள். காளிங்கன் மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த இரண்டு ஆள் உட்காரும் திறந்த காருக்குக் கை தூக்கினார்.

"உங்களுக்கு எதுக்குத் தோழர் காரு?" என்று சிரித்தார்கள்.

"இது காரு இல்லடா. சாட்சி."

நாற்பது வருஷத்துக்கு முன்னால், வேலைநிறுத்தத்தின் பதினேழாம் நாள், அந்தக் காரில்தான் சின்ன முதலாளி மில் கேட்டுக்கு வந்தான். அந்தக் கார்தான் சக தொழிலாளி ஏகாம்பரத்தைக் கேட் தூணோடு வைத்து நசுக்கியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது நினைவு நாள். அதே காரை, அதே கேட் வழியாக, காளிங்கன் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து இருக்கையில் ஏகாம்பரத்தின் மனைவி பழனாத்தாள். ஊர் பார்க்க வேண்டும்.

"அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "ஒரு ஆணிகூட மாறக் கூடாது."

"அப்படியேவா?" என்று கேட்டாள் மாஸ்டர்.

"அப்படியேதான்."

"சரிங்ண்ணா," என்று சுரண்டியைக் கொடுத்தாள்.

*

டீ வந்தது. மாஸ்டர் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சுங்ண்ணா?"

காளிங்கனுக்கு அதைச் சொல்வதற்கு யோசிக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக மேடையில் சொன்னது.

"நாங்க முந்நூறு பேர் கேட்டை மறிச்சு நிக்கிறோம். சுள்ளுனு வெயில். அவன் முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கப் போட்டுட்டு, காத்து வாங்கிட்டு ஜம்முனு வர்றான். எங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வர்றான். பார்த்துக்கிட்டே ஏத்துனான்."

"நீங்க?"

காளிங்கன் வேட்டி மடிப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சாவிகளைவிடப் பெரிதாக ஒரு இரும்பு நட்டு அதில் தொங்கியது.

"நான் ஃபிட்டர். முந்தின நாள் கார்டிங் மெஷின்ல இருந்து இந்த மாதிரி ரெண்டு கழட்டி வச்சிருந்தேன். ஒண்ணை அவன் மேல வீசுனேன். குறி தப்பிருச்சு. இது அதோட ஜோடி."

எத்தனை மேடையில் அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்! இதன் அண்ணன் அன்றைக்குக் குறி தப்பினான், தம்பி காத்திருக்கிறான் என்பார். கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆகும்.

"வீசுனது எங்க விழுந்துச்சு?"

"சாக்கடையில விழுந்திருக்கும்."

"பார்த்தீங்களா?"

"அது பார்க்கறதுக்கு நேரமா அம்மிணி? கண்ணாடி உடையற சத்தமும் கேக்கலை, அவன் கத்துன சத்தமும் கேக்கலை. தப்பிருச்சுன்னு தெரியாதா?"

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சின்ன முதலாளி கோர்ட்டுல என்ன சொன்னாரு?"

காளிங்கன் வாய்விட்டுச் சிரித்தார்.

"பிரேக் பிடிக்கலைன்னான்! கண்ணுல தண்ணி வேற. வண்டியைச் சோதிச்ச ஆபீசர் பிரேக்ல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. நான் சாட்சி சொன்னேன். நிறுத்தப் பார்த்தாரான்னு ஜட்ஜ் கேட்டாரு. இல்லைன்னேன். அஞ்சு வருஷம் உள்ள போனான். வெளிய வந்து ரெண்டாம் வருஷம் செத்துட்டான்."

"பிரேக் பிடிக்காத பெரிய மனிதர்" என்று எட்டுப் பக்கத்தில் துண்டுப் புத்தகம் போட்டார் காளிங்கன். மூன்று முறை அச்சடித்தும் போதவில்லை.

பழனாத்தாளும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று. "அவன் நிறுத்தப் பார்த்தானா தம்பி?"

"இல்லைக்கா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தனிக்கட்டையான அவருக்கு இன்றுவரை மதியச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது.

மாஸ்டர் எழுந்தாள்.

"பிரேக் மிதிக்குப் பின்னாடி இன்னும் சுரண்டலைங்ண்ணா."

*

அந்த இடத்துக்குக் கை போவதே கஷ்டம். கதவைத் திறந்து, காரின் தரையில் தலையை வைத்துப் படுத்தால்தான் எட்டும்.

அரித்துப் போகாமலிருக்க ஷெட்டில் விடும் முன் யாரோ தாரைப் பூசியிருந்தார்கள். அழுக்கைக்கூடத் துடைக்காமல் பூசிய தார். அதன் கீழே கிரீஸ். அதன் கீழே கெட்டித்த மண். காளிங்கன் முனகிக்கொண்டே சுரண்டினார்.

மிதிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் அலுமினியத் தகடு வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் சுரண்டி இடறியது.

"இங்க ஒரு பள்ளம் இருக்கு மாஸ்டர்."

அம்மிணி என்று கூப்பிடாததை அவரே கவனிக்கவில்லை.

"எப்படிப் பள்ளம்?"

"சின்னதுதான். பட்டி வச்சு மூடிரலாம்."

"மூடலாம். எதனால விழுந்த பள்ளம்?"

"யாருக்குத் தெரியும்?"

"விரலை வச்சுப் பாருங்க."

மிதி மறைத்ததால் பள்ளத்தைப் பார்க்க வழியில்லை. கட்டை விரலால் தடவினார். ஒரு ஓரம் நேராகப் போய் மடங்கியது. மறுபடி நேர். மறுபடி மடங்கல். மூன்று மூலைகள் ஆழம், மூன்று லேசு. முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த விரலுக்குக் கண் தேவையில்லை.

"முக்கால் இஞ்ச் நட்டு," என்றார்.

வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் காது கேட்டது.

அவர் எழவில்லை. படுத்தபடியே கிடந்தார். தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது.

"ஆபீசருங்க மிதியைத் தொட்டும் பார்க்காம, டயரை உதைச்சுப் பார்த்து எழுதிருப்பாங்க," என்று கடைசியில் சொன்னார். "வேற யாராச்சும் ஒரு நட்டைக் கீழ போட்டிருப்பாங்க. மில்லு வண்டிதானே. மில்லுல நட்டுக்கா பஞ்சம்?"

"இருக்கலாங்ண்ணா."

"லேசா வச்சாலே அலுமினியம் அமுங்கும்."

மாஸ்டர் கீழே கிடந்த சுத்தியலை எடுத்து, உதிரித் தகடு ஒன்றைக் காட்டினாள். அதே அலுமினியம். அதன் மேல் சுத்தியலை வைத்தாள். எடுத்தாள். ஒரு தடமும் இல்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். தடமில்லை.

சுத்தியலைக் கீழே போட்டாள்.

"வையுங்ண்ணா," என்றாள் பிறகு.

"எதை?"

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

வளையத்திலிருந்து நட்டைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது. நகம் பிய்ந்தது. காளிங்கன் கையை உள்ளே விட்டார். பள்ளத்தில் வைத்தார்.

நட்டு உட்கார்ந்தது. கையை எடுத்தார். சாய்வுத் தகட்டில் இருந்தும் அது விழவில்லை.

"ஏறி உக்காருங்க."

ஓட்டுநர் இருக்கை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று அவர் விட்டுவைத்திருந்த இடம். இதுவரை ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார்.

முன் கண்ணாடியை மாஸ்டர் மடக்கிப் படுக்கப் போட்டாள். எதிரே ஒன்றுமில்லை. திறந்திருந்த கொட்டகை வாசல் நேராக முகத்தில் அடித்தது.

"மிதிங்க."

மிதித்தார். மிதி கொஞ்சம் போயிற்று. டக்கென்று நின்றது.

இன்னும் பலமாக மிதித்தார். இரண்டு காலையும் வைத்து, இருக்கையில் முதுகை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மிதி அசையவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தூக்குப்போசியோடு பழனாத்தாள் நின்றிருந்தாள். சரியாகக் காரின் எதிரே.

"சோறு ஆறுது தம்பி," என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏனப்பா இப்படி வேர்த்துக் கொட்டுது? என்ன ஆச்சு?"

காளிங்கன் காலை எடுக்கவில்லை.

"பிரேக் பிடிக்கலைக்கா," என்றார்.