தளவாய் வீட்டுத் தானியக் கிடங்கு

முன்னொரு காலத்தில் கருவேலங்கோட்டைச் சீமையை முத்துவிசயன் என்றொரு ராசா ஆண்டார். நல்லவர்தான்; கோபம் வந்தால் மட்டும் முன்பின் யோசிக்க மாட்டார். திருவிழாவில் போட்ட அதிர்வேட்டில் மிரண்ட குதிரை அவரைச் சேற்றில் தள்ளிவிட்டது. சேற்றைக் கழுவுமுன்பே சட்டம் போட்டார். அரண்மனை ஆயுதக் கொட்டடி தவிர, வெடிமருந்து யாரிடம் இருந்தாலும் தலை போகும். பிரதானி நல்லபெருமாள் தடுத்துப் பார்த்தார். காதில் ஏறவில்லை.

மறுவாரமே எல்லப்பன் அகப்பட்டான். ஊர்க்கிணறு வெட்டப் பிரதானி அழைத்துவந்த ஆள். பாறையை உடைக்க ஒரு சுரைக்குடுக்கை மருந்து வைத்திருந்தான். பிடித்துக் கொடுத்தவர் படைத்தலைவரான சூரப்பத் தளவாய். பிரதானியை மட்டம் தட்ட இதைவிட வாய்ப்பு ஏது? அந்த ஒரு குடுக்கையே அரண்மனையைத் தரைமட்டமாக்கும் என்று சபையில் முழங்கினார். உச்சிப்பொழுதில் தலையை வாங்கச் சொல்லிவிட்டார் ராசா.

பிரதானி கெஞ்சவில்லை. முதலில் மருந்தைக் கொளுத்தி அழித்துவிடலாம், தளவாய் வீட்டுத் தானியக் கிடங்குச் சுவரோரமுள்ள வெட்டவெளிதான் அதற்கு வசதி என்றார். தளவாய் அவசரமாக ஆற்றங்கரை என்றார், சுடுகாடு என்றார். ராசாவுக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாரையும் அங்கேயே கிளப்பினார்.

குடுக்கையைச் சுவரோரம் வைத்தார்கள். பிரதானி எரியும் பந்தத்தைத் தளவாயிடமே நீட்டினார்.

"பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். நீங்களே கொளுத்துங்கள்."

தளவாயின் காவலாட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ராசா நகரவில்லை.

"கொளுத்தும்" என்றார்.

தளவாய் பந்தத்தை வாங்கினார். ஒரு பொறி உதிர்ந்து குடுக்கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து அணைந்தது. அவ்வளவுதான். தளவாய் பந்தத்தைக் குதிரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டு ராசாவின் காலில் விழுந்தார்.

கதவைத் திறந்தார்கள். ஒரு மணி நெல் இல்லை. நாற்பது பானை வெடிமருந்து. யாருக்காக வைத்திருந்தாய் என்று ராசா கேட்டார். தளவாய் காலை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். பொறி விழுந்த இடத்தை ராசா திரும்பிப் பார்த்தார்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்றார் பிரதானியிடம்.

"தளவாய் இதைத் தானியக் கிடங்கென்றார். கூரையில் ஒரு குருவிகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, மகாராசா. காவலாட்கள் இரவில் இங்கே ஒரு பந்தம் கொளுத்தியும் பார்த்ததில்லை."

"என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள்."

ராசாவுக்கு உறைத்தது. அங்கேயே சட்டத்தைத் திருத்தினார். கிணறு வெட்டுகிறவன் அரண்மனை முத்திரை வாங்கி, ஊருக்கு வெளியே, வேலைக்கு வேண்டிய அளவு மருந்து வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் எவர் வீட்டிலும் கூடாது. பிரதானிக்குத் தம் முத்துமாலையைப் போட்டார். நாற்பது பானையையும் தளவாயே ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து ஊருக்கு வெளியே உள்ள கல்குழியில் சேர்த்தபின் சிறைக்குப் போகவேண்டும் என்றார்.

தளவாய் முதல் பானையைத் தூக்கினார். விடுதலையான எல்லப்பன்தான் முன்னால் நடந்து வழிகாட்டினான்.

"மெதுவா வாங்க சாமி. பள்ளம் இருக்கு."

அன்றைக்குக் கருவேலங்கோட்டையில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. ராசா உட்பட எல்லாரும் பழைய சோறுதான் சாப்பிட்டார்கள்.