பிரிக்காத சீட்டு

வெண்கலச் செம்புக்குள் இரண்டு தாள்துண்டுகள் குலுங்கிய சத்தத்தை ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டேன். காய்ந்த வேப்பிலை மண்ணில் இழுபடுவதுபோல மெலிதான சத்தம். கோவிலில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால்தான் அது காதில் விழுந்தது.

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் சபையில் திருவுளச்சீட்டு என்றொரு வழக்கம் இருந்தது. மனிதரால் முடிவெடுக்க முடியாத காரியத்தை இரண்டு சீட்டுகளில் எழுதி, செம்பில் போட்டுப் பீடத்தின்மேல் வைத்து ஜெபிப்பார்கள். சபையை நடத்தும் உபதேசியார் ஒன்றை எடுத்து வாசிப்பார். அதுதான் கர்த்தரின் சித்தம். மற்றச் சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் கர்த்தரைப் பரீட்சை பார்ப்பதாகும். யாருக்காகச் சீட்டுப் போட்டார்களோ அவரே அதைத் தம் கையால் எரித்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை ஏற்படுத்தியவர் பெரிய விசுவாசியா, பெரிய தந்திரசாலியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சீட்டுப் போட்டது என் தோழி சுகிர்தத்துக்காக. பக்கத்து டவுனில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள், வயது இருபத்தேழு. ஒரிசாவில் தொழுநோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பதினெட்டு வயதில் அவள் கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு அதுதான். கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவள் தாய் அன்னப்பழத்துக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அண்ணன் வேதமுத்து பள்ளிக்கூட வாத்தியார். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம்.

போகாதே என்று வேதமுத்து தங்கையிடம் ஒருநாளும் சொல்லவில்லை. கர்த்தரிடம் கேட்போம் என்றுதான் சொன்னான். வீட்டுக்கு மூத்த ஆண் என்பதால் சீட்டு எழுதும் உரிமையும் அவனுக்கே. ஒன்றில் ‘போ’, மற்றதில் ‘போகாதே’ என்று எழுத வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. சுகிர்தம் பீடத்தின் முன் முழங்காலில் நின்றாள். உபதேசியார் மாசிலாமணி வேதப் பகுதியை வாசித்துமுடித்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். செம்பைக் குலுக்கி, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து, ஒரு கணம் பார்த்தார்.

“போகாதே.”

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வாரமாகத் தூங்காதவன் முகம் அது. ஆனாலும் அதில் திடுக்கிடல் இல்லை.

மீதிச் சீட்டையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு சுகிர்தம் கோவிலின் பின்பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். அவள் பயணத்துக்காக எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை இரவல் வாங்கிப்போயிருந்தார்கள். அதை வேதமுத்து முந்தின நாளே, சனிக்கிழமை காலையிலேயே, துடைத்துத் திருப்பிக்கொண்டுவந்து வைத்துவிட்டிருந்தான். ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து அன்று காலைதான் வந்த சுகிர்தத்துக்கு அது தெரியாது. அதை அவளிடம் சொன்னேன்.

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பிரிச்சுப் பாரு,” என்றேன். “இதுலயும் போகாதேன்னு இருந்தா நீ நாளைக்கே ரயில் ஏறலாம்.”

“இருந்தா எங்க அண்ணன் எங்க போவான்?”

“கர்த்தர் சொன்னதா, உங்க அண்ணன் சொன்னதான்னு தெரிய வேண்டாமா?”

அவள் சிரித்தாள். “கர்த்தர் கையெழுத்து எனக்குத் தெரியாது, அண்ணன் கையெழுத்து தெரியும். பிரிச்சா அவனத்தான் பார்ப்பேன்.”

சீட்டைச் சுடரில் காட்டினாள். விரல் சுடும்வரை விடவில்லை.

அன்று மத்தியானம் தாயிடம் சொன்னபோது அன்னப்பழத்தின் இடக்கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. அது சந்தோஷமா, துக்கமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை. கண்ணாடி போடாமல் எப்படி வாசித்தீர்கள் என்று உபதேசியாரிடமே போய்க் கேட்டேன். ஓரெழுத்துக்கும் மூன்றெழுத்துக்கும் கண்ணாடி எதற்கம்மா என்றார். அது நியாயமான பதில்தான். கூடவே, சந்தேகமும் ஒரு வியாதி, நர்ஸ் தோழியிடம் மருந்து கேள் என்றும் சொன்னார். எனக்குத் தேவையாயிருந்தது முதல் பதில் மட்டுமே. இரண்டாவதை ஏன் சொன்னார்?

சுகிர்தம் பத்து வருடம் தாயைப் பார்த்துக்கொண்டாள். அந்த முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. தாயை அடக்கம் செய்தபின் ஒரிசாவுக்கு எழுதினாள். முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது.

வாசிப்பவர்களே, தாய் அநாதையாகக் கிடக்கக் கூடாது என்று நினைத்துச் சீட்டு எழுதியவன் வேதமுத்து. வந்ததை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவர் உபதேசியார். சந்தேகத்தோடேயே எரித்துவிட்டுக் கீழ்ப்படிந்தவள் சுகிர்தம். பிரித்துப் பார் என்றவள் நான். இந்த நால்வரில் கர்த்தரை நம்பி நடந்தவர் யார்?

என் விடை இது. நம்பியவர் நால்வரில் ஒருவரும் இல்லை. கீழ்ப்படிந்தவள் ஒருத்தி உண்டு. வேதமுத்து தன் வாயால், “அம்மாவை என்னால் தனியாகப் பார்க்க முடியாது, இரு,” என்று கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். தங்கையையும் நம்பாமல், கர்த்தரையும் நம்பாமல், தன் பேச்சைக் கர்த்தரின் பேச்சாக்கினான். உபதேசியார் அறிந்திருந்தால் அவருக்கும் அதில் பங்குண்டு. நான் நம்பியது டிரங்குப் பெட்டியை. சுகிர்தம் சீட்டை எரித்ததை விசுவாசம் என்று சபை புகழ்ந்தது; அண்ணனை இழக்கும் பயம் என்கிறேன் நான். உண்மையைக் கண்டு அஞ்சுகிறவரல்ல கர்த்தர், அவள் பிரித்திருக்கலாம். ஆனால் அவளுடைய கீழ்ப்படிதல் அந்தச் சுடரோடு முடியவில்லை. பத்து வருடம், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, அவள் எழுந்தாள். தாயைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்குச் சீட்டு தேவையில்லை.

வேதமுத்து எழுபத்தாறு வயதுவரை இருந்தார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தார். பாவத்தை மனதில் மறைத்தவர் தொடக் கூடாத நற்கருணை அப்பத்தை எடுக்க, அந்தச் சீட்டுக்குப்பின் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை.