கொழுஞ்சியேரி வானொலியின் வாழ்த்து நேரம்

சத்தியம்! சத்தியம்! இன்னொரு தடவையும் சத்தியம்! கற்பூரத்தைக் கொண்டுவாருங்கள், அணைத்தே காட்டுகிறேன். இந்தக் கதையில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், போன தை மாதம் விழுந்த என் கடைவாய்ப் பல் இனி முளைக்காமலே போகட்டும்!

காட்டுக்கு நடுவே கொழுஞ்சியேரி. அதன் கரையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு காலத்தில் மனிதர்கள் அங்கே சமுதாய வானொலி நடத்தினார்கள். மழை எப்போது, யானை எந்தப் பக்கம், ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று சுற்றுவட்டாரத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டவுனில் நல்ல கட்டடம் கிடைத்தது, போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் மைக்கையும், பெட்டியையும், கூரை மேலிருந்த சோலார் தகட்டையும் மறந்துவிட்டார்கள்.

அங்கே வந்த தூக்கணாங்குருவி ஒன்று, அறுந்து கிடந்த ஒயர்களைப் பார்த்தது. "அடேயப்பா, என்ன நீளப் புல்!" என்று அள்ளிப் பின்ன ஆரம்பித்தது. கூடு பின்னி முடித்தபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது! அப்படிப் பிறந்ததுதான் கொழுஞ்சியேரி வானொலி.

கேட்பதற்கு ரேடியோ வேண்டாமா? ஏரிக்கு உல்லாசமாக வருகிறவர்கள் எதைத்தான் மறந்துவிட்டுப் போகவில்லை! குரங்குகளுக்கு ஆலமரத்தில் ஒன்று. எருமைக்குக் கொம்பில் ஒன்று. நரி நல்லமுத்துவின் கழுத்தில், மாட்டு மணி மாதிரி எப்போதும் ஒன்று.

பேசுவதற்கு யார்? அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆள்காட்டிக் குருவி பவளாயிதான்! கண்ணோரம் சிவப்புச் சதை, மஞ்சள் கால், உலகத்தையே எழுப்பும் தொண்டை. அதுவரை அவள் வேலை, ஏரிக்கரையில் நின்று காவல் பார்ப்பது. புதுக் கால் ஒன்று புல்லில் பட்டால் போதும், கத்திவிடுவாள். மான் தலை நிமிரும். முயல் பதுங்கும். நரி வெறும் வயிற்றோடு வீடு திரும்பும்.

இப்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கரையில் காவலுக்கு ஆள் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நரி ஒருவனைத் தவிர!

"வணக்கம் நேயர்களே! இது கொழுஞ்சியேரி வானொலி!" என்று காலையில் ஆரம்பிப்பாள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு, அத்தி எங்கே பழுத்திருக்கிறது, எருமைகள் குடிக்கிற துறையைக் கலக்குவது நியாயமா என்று எல்லாம் வரும். நடுநடுவே தவளைகளின் கச்சேரி. ஆனால் எல்லோருக்கும் பிடித்தது 'வாழ்த்து நேரம்'. யார் வீட்டில் குட்டி, யார் வீட்டில் முட்டை என்று சொல்லி வாழ்த்துகிற நிகழ்ச்சி அது.

ஒருநாள் நல்லமுத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"தங்கச்சி! உன் குரலைக் கேட்காம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது!"

பவளாயிக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியா அண்ணே! குறை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க!"

"குறையா? உன்கிட்டயா? ஒரே ஒரு யோசனை. முட்டை விட்டிருக்காங்கன்னு சொல்ற. எங்கேன்னு சொல்ல மாட்டேங்குற. இடத்தையும் சொன்னா நாலு பேர் நேர்ல போய் வாழ்த்துவோம்ல?"

"ஆமால்ல! இது எனக்குத் தோணலையே!"

மறுநாள் காலை அவள் முழங்கினாள். "தென்கரை மணல் திட்டு, சாய்ந்த நாவல் மரத்துக்கு நேர் கீழே, காத்தாயி ஆமைக்கு முட்டைகள்! நேயர்கள் சார்பில் வாழ்த்துகள்!"

அடுத்த நாள் தாழைக்கோழியின் கூட்டை, எந்தத் தாழை, எந்த மடல் என்று வழி சொல்லி வாழ்த்தினாள். அந்த வாரம் நல்லமுத்துவின் தொந்தி வளர்ந்தது. கழுத்து ரேடியோ அதன் மேல் உட்கார்ந்து ஆடியது!

இதற்கு நடுவில் இன்னொரு நேயரும் வந்தார். கதவை யாரோ தட்டுகிறார்களே என்று பவளாயி திறந்தாள். முதலை வீரணன்!

"கத்திடாத தாயி! நான் தின்ன வரலை, முறையிட வந்தேன்" என்றார் முதலை. வாயை லேசாகத் திறந்தார். உள்ளேயிருந்து தவளைக் கச்சேரி கேட்டது! அறைக்குள்ளே மைக்கில் தவளைகள் பாட, வெளியே முதலையின் வயிற்றிலும் அதே பாட்டு!

"ஐயோ, என்ன இது?"

"எவனோ ஒருத்தன் பையைத் தண்ணியில விட்டுட்டான். உள்ள சோறு இருக்கும்னு முழுங்கிட்டேன். இருந்தது ரேடியோ. வாயை மூடினா சத்தம் உள்ளேயே இருக்கு. திறந்தா நீ பேசற. 'வணக்கம் நேயர்களே'ன்னு கேட்டதும் மீனெல்லாம் ஓடிப்போகுது! பட்டினி தாயி. வடக்குக் கோரைக்குள்ள போய்ப் பதுங்கிக் கிடக்கேன். கச்சேரியையாவது கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

பவளாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

"இதை ரேடியோவில சொல்லிடாத! வெளியே தெரிஞ்சா என் மானம் போயிடும்!"

"சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். சொல்லவும் இல்லை. அவள் வாழ்நாளில் வாய்க்குள்ளேயே வைத்திருந்த சேதி அது ஒன்றுதான். அதை வைத்திருப்பதற்குள் தொண்டை அரித்து, நாள் முழுக்க இருமினாள்!

அந்த நேரம் பார்த்து அவளும் நாலு முட்டை விட்டாள். வானொலி அறைக்குப் பின்னால், சரளைக் கற்களுக்கு நடுவே. முட்டையைப் பார்த்தால் கல் மாதிரியே இருக்கும். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போனாலும் போவார்கள். புருஷன் சடையன் தண்ணீரில் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து, வெயிலில் முட்டைகளைக் குளிர வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நம்ம வீட்டு சேதியையும் சொல்லிடுறேன்!" என்று பவளாயி குதித்தாள்.

"இடத்தையுமா?" என்றான் சடையன்.

"பின்னே? வாழ்த்த வருவாங்கல்ல!"

அப்போது காத்தாயி ஆமை மெல்ல ஊர்ந்து வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"பவளாயி, என் முட்டை ஒண்ணுகூட மிச்சமில்லை. தாழைக்கோழி வீட்டிலயும் அப்படித்தான். நான் புதைச்ச இடத்தை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ யார்கிட்ட சொன்ன?"

"எல்லார்கிட்டயும்தான் அக்கா! எல்லாரும் சந்தோஷப்படட்டும்னு!"

"அந்த எல்லார்ல நரியும் ஒருத்தன்டி!"

பிறகு ஒருநாள் பாராட்ட வந்து ஜன்னலில் நின்ற நல்லமுத்துவின் மூக்கு நுனியில் தென்கரை மணல் ஒட்டியிருந்தது பவளாயிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்பென்றால் கரையில் நின்று அவன் வாலைக் கண்டதுமே கத்தியிருப்பாள். இப்போது அறைக்குள் உட்கார்ந்துகொண்டு அவனுக்கே வழி சொல்லியிருக்கிறாள்!

"அக்கா, என்னை மன்னிச்சிடு" என்றாள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வாழ்த்து நேரத்தில் பவளாயி வெறும் தவளைக் கச்சேரி வைத்தாள். சடையன் ஏரியில் நெஞ்சை நனைப்பதைப் பார்த்தே, அவள் வீட்டிலும் முட்டை என்று ஊகித்த நரி விடுவானா? ஏரியைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் காதிலும் ஊதினான்.

"ஊர்ல இருக்கிறவன் வீட்டு சேதியெல்லாம் ரேடியோவில வருது. அவ வீட்டு சேதி மட்டும் வரலை. இது என்ன நியாயம்? நான் எனக்காகவா கேட்கிறேன்? பொதுநலம்!"

சாயங்காலம் அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எருமை முன்னால் நின்றது.

"ஏம்மா பவளாயி! நான் துறையைக் கலக்கினா ஊருக்கே தண்டோரா! உன் வீட்டு முட்டைன்னா கமுக்கமா?"

"சொல்லு! சொல்லு!" என்று குரங்குகள் தகரத்தில் தாளம் போட்டன.

நரி கூட்டத்துக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம், அதட்டாதீங்க! தங்கச்சி தானா சொல்லும்!"

"இன்னும் கொஞ்ச நேரத்தில மைக்கில சொல்றேன். உங்க ரேடியோகிட்டப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பவளாயி கதவைச் சாத்தினாள். சொன்னால் முட்டை போகும். சொல்லாவிட்டால் கூட்டமே திரண்டு தேட வரும். நரிக்கு அதுவும் லாபம்தான்.

ஆள்காட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் பகைவன் வந்தால், இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு நொண்டும். வந்தவன் கூட்டை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போவான். வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டு, ஜிவ்வென்று பறந்துவிடும்.

"வழக்கம் போல நொண்டிப் பாரேன்" என்றான் சடையன்.

"மைக்கில இறக்கை தெரியாதே!"

"குரல் தெரியும்ல? ஒரு பொய்யை எடுத்து விடு!"

பவளாயி சிலிர்த்துக்கொண்டாள். "வானொலியில பொய் வராது! ஒரு நாள் பொய் சொன்னா, நாளைக்குக் காட்டுத்தீன்னு சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்." பிறகு அவள் கண் மின்னியது. "பொய் எதுக்கு? உண்மையையே நொண்ட விடுறேன், பாரு!"

பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம் நேயர்களே! காத்தாயி அக்கா வீட்டு முட்டையும் தாழைக்கோழி வீட்டு முட்டையும் போனதுக்கு என் வாய்தான் காரணம். இடத்தைச் சொன்னது என் தப்பு. என் வீட்டிலயும் நாலு முட்டை இருக்கு. எங்கேன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க எல்லாரையும் ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்." இங்கே அவள் குரல் நொண்டியது. "வடக்குக் கோரைப் பக்கம்... யாரும் போகாதீங்க. ஏன்னு கேட்காதீங்க. யாராவது அந்தப் பக்கம் போனா என் நெஞ்சு பதறும். புள்ளைகுட்டிக்காரங்களே, தயவுசெஞ்சு போகாதீங்க!"

கேட்ட குரங்குகள் ஒன்றையொன்று பார்த்தன. எருமையோ, "பாவம்பா. இத்தனை கெஞ்சுதே, அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்று தன் கன்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மான், முயல், காட்டுக்கோழி எல்லோரும் வடக்கை விட்டு விலகினார்கள்.

நல்லமுத்து மட்டும் வடக்கே நடந்தான்.

"அசடு! இடத்தைச் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு, இடத்தைத்தானே சொல்லியிருக்கு!" என்று சிரித்தான். கோரை நெருங்கியதும் கழுத்து ரேடியோவை அணைத்தான். திருடப் போகிற இடத்தில் சத்தம் ஆகாது அல்லவா?

அப்போது கோரைக்குள்ளிருந்து குரல் கேட்டது! பவளாயியின் குரலேதான்!

"வடக்குக் கோரைப் பக்கம் போகாதீங்க! மறுபடியும் சொல்றேன், போகாதீங்க!"

நரிக்கு வாயெல்லாம் எச்சில். "ஓஹோ! மைக்கைக் கூட்டுக்கே இழுத்துட்டு வந்து, அடைகாத்துக்கிட்டே பேசுதா! இன்னிக்கு முட்டையோட கோழியும், மன்னிக்கணும், ஆள்காட்டியும்!"

பூனை மாதிரி அடி வைத்தான். கோரையை விலக்கினான். இருட்டாக ஒரு பொந்து. அதற்குள்ளிருந்துதான் குரல் வந்தது. தலையை உள்ளே நீட்டி, "தங்கச்சி! அண்ணன் வாழ்த்த வந்திருக்கேன்!" என்றான்.

பொந்துக்குப் பல் இருந்தது!

"வாங்க, வாங்க!" என்றார் வீரணன். "மீனெல்லாம் இந்தக் குரலைக் கேட்டா ஓடுது. நீ ஒருத்தன்தான்யா தேடி வந்திருக்க!"

டபக்! நரி போட்ட ஊளை ரேடியோ இல்லாமலே காடு முழுக்கக் கேட்டது. தலையை எப்படியோ உருவிக்கொண்டான். திரும்பி ஓடும்போது வால் மாட்டியது. வாலை விட்டுவிட்டு ஓடினான். கழுத்திலிருந்த ரேடியோவும் அறுந்து முதலை வாய்க்குள் போய்விட்டது. விழுந்த அதிர்ச்சியில் அது தானாகவே பாட ஆரம்பித்தது!

அன்று ஓடியவன் அடுத்த காட்டில்தான் நின்றானாம்.

மறுநாள் காலை நேயர்கள் கேட்ட முதல் அறிவிப்பு இது. "வடக்குக் கோரையில் வால் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் தக்க அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்!" பெற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. எருமை சிரித்த சிரிப்பில் துறை மறுபடியும் கலங்கியது. அதுவும் செய்தியில் வந்தது!

வீரணன் மட்டும் அறைக்கு வந்து மறுபடியும் முறையிட்டார். "தாயி, முன்ன ஒரு பக்கம்தான் கேட்டது. இப்ப ரெண்டு பக்கமும் கேக்குது!"

அதற்குப் பிறகு வாழ்த்து நேரத்தில் குஞ்சுகள் ஓடக் கற்றுக்கொண்ட பிறகுதான் சேதி வரும். பவளாயி மைக்கை ஜன்னலோரம் நகர்த்தி, ஒரு கண்ணைக் கரை மேல் வைத்துக்கொண்டே பேசினாள். காத்தாயி அக்கா மறுபடியும் முட்டையிட்டாள். எங்கே என்று பவளாயியிடம் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆமைக் குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கிய அன்றுதான், காத்தாயியே அறைக்கு வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நேயர்களே!" என்றாள்.

ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர், அந்த ஊரில் யாரெல்லாம் காது கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று, அந்த முதலை வயிற்று சமாச்சாரத்தை யாரிடமாவது சொன்னால், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏரிப் பக்கம் நான் குளிக்கப் போகிறவன்!