ஒரு பாறை, மூன்று கூடுகள்

மலைக்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு வாலாட்டிக் குருவி இருந்தது. சும்மா இருக்கவே தெரியாத குருவி. நின்றாலும் வால் ஆடும், நடந்தாலும் வால் ஆடும். அந்தப் புரட்டாசியில் தூக்கத்தில்கூட ஆடியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காட்டில் ஒரு மாதத்துக்குப் பழமும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பில் சூடு தங்கத் தேன் வேண்டும். தேனோ செங்குத்துப் பாறையில். அங்கே போய் அடை எடுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மலையணில் செம்பன், மரநாய், தேன்பருந்து. மற்றவர்கள் முன்கூட்டியே பழமும் கிழங்கும் கொடுத்து, "மழைக்கு ஓர் அடை" என்று அவர்களிடம் வாக்கு வாங்கிக்கொள்வார்கள்.

போன வருடம் வாக்கு ஏராளம், தேன் கொஞ்சம். தேவாங்கின் மூத்த குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போனது.

காட்டுக்குத் தலைவியான கரடியம்மா வாலாட்டியைக் கூப்பிட்டாள். "நாலு ஊர் பறந்து பார்த்தவ நீ. மழைக்கு முன்னாடி இதுக்கு ஓர் அளவு வை. இதுக்கு மேல வாக்குக் கொடுத்தா ஆபத்துன்னு கண்ணுக்குத் தெரியணும்!"

வாலாட்டி பாறைக்குப் பறந்து அடைகளை எண்ணியது. நாற்பது. குளத்தின் மேல் சாய்ந்திருந்த மூங்கில் நுனியில், தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூடு ஒன்றைக் கட்டியது. ஒரு வாக்குக்கு ஒரு கூழாங்கல். நாற்பதாவது கல் விழுந்ததும் கூடு தண்ணீரைத் தொடும். அப்படி உயரம் பார்த்துக் கட்டியது.

"கூடு நனைஞ்சா வாக்குக் கொடுக்கிறதை நிறுத்தணும். அவ்வளவுதான்!"

"என் கல்லும் மரநாய் கல்லும் ஒரே கூட்டிலயா?" செம்பன் துள்ளினான். "நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்னு எட்டிப் பாத்துடுவானே! எனக்குத் தனிக் கூடு கொடு, தங்கச்சி. அந்த வாலை முதல்ல நிறுத்து, தலை சுத்துது!"

"எனக்கும் தனியாத்தான் வேணும்," மரநாய் கொட்டாவி விட்டது. "அடுத்த வாரம் பார்க்கலாமே?"

தேன்பருந்து மரத்திலிருந்து இறங்கவே இல்லை. "ஊர் சுத்திட்டு வந்தவ எங்களுக்கே தேனைப் பத்திச் சொல்லித் தர்றியாக்கும்!"

வாலாட்டி மரத்துக்கு மரம் பறந்தது. கெஞ்சியது, கோபித்தது. மேற்கே மேகம் திரண்டது. நாள் நெருங்க நெருங்க அதன் மனம் தளர்ந்தது. 'எப்படியாவது தொங்கினால் போதும்' என்று ஆளுக்கு ஒன்றாக மூன்று மூங்கில்களில் மூன்று கூடு கட்டியது. மூன்றும் ஒரே உயரம். மூன்றும் நாற்பது கல்லுக்கு.

"மூணு பேருக்கும் கூடு கட்டியாச்சு, கரடியம்மா! வேலை முடிஞ்சுது!"

கரடியம்மா மகிழ்ந்தாள். "தேவாங்கே, இனி நிம்மதியா இரு!" தேவாங்கும் மழைக்காலச் சாப்பாட்டுக்கு மரப்பிசின் சேர்த்து வைப்பதை அன்றே நிறுத்திவிட்டது.

வேலை முடிந்ததே தவிர வால் நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை மூன்று கூடுகளையும் பார்த்து வந்தது வாலாட்டி. "பாரு, சொட்டு ஈரம் இல்லை!" என்று மூவரும் காட்டினார்கள். உண்மைதான். மூன்றும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலேதான் தொங்கின.

தண்ணீர் குடிக்க வந்த மலைத்தேனீ ஒன்று கேட்டது. "இது என்ன?"

"உங்க அடையை வெச்சு வாக்கை அளக்கிறோம்."

"எங்களுக்கு இருக்கிறது ஒரு பாறைதானே? எதுக்கு மூணு கூடு?"

வாலாட்டியின் வால் சட்டென்று நின்றது.

அது நேரே கரடியம்மாவிடம் பறந்தது. "வேலை முடிஞ்சுதுன்னு நான் சொன்னது தப்பு. கூடு தொங்குதான்னுதான் பார்த்தேன், கல்லைச் சேர்த்துப் பார்க்கலை. என்னைத் திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க. இப்ப குளத்துக்கு வாங்க!"

கரடியம்மா உறுமிக்கொண்டே வந்தாள். காடே கூடியது. செம்பன் தன் கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது என் தொழில் ரகசியம்!" என்று கத்தினான். கரடியம்மா அவனைக் கழுத்தோடு தூக்கி ஓரமாக வைத்தாள். மூன்று கூட்டுக் கற்களையும் கரையில் கொட்டச் சொன்னாள்.

வாலாட்டி ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கூட்டில் போட்டது. முப்பது. முப்பத்தைந்து. நாற்பதில் கூடு நனைந்தது. இன்னும் சில கற்கள் போட்டதும் தண்ணீருக்குள் முழுகிவிட்டது. கரையில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது.

தேவாங்கு அந்தக் குவியலையே பார்த்தது. "இதுல எது என் கல்லு?"

செம்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

மழைக்குப் பத்து நாள் இருந்தது. மூன்று கூடுகளில் இரண்டை அவிழ்த்தார்கள். அன்றே மூவரும் வீடு வீடாகப் போய், "ஓர் அடை தர முடியாது, பாதி கூடத் தேறாது" என்று சொல்லி, மிச்சமிருந்த பழத்தையும் கிழங்கையும் திருப்பிக் கொடுத்தார்கள். தேவாங்கு வாலாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிசின் மரத்தில் ஏறியது. வாலாட்டி முன்னால் பறந்து, பிசின் வடியும் மரங்களைக் காட்டிக்கொண்டே போனது.

ஐப்பசி முழுக்க மழை கொட்டியது. அந்த மழையில் யாருக்கும் வயிறு நிறையவில்லை; ஆனால் தேவாங்கின் சின்னக் குட்டி பிழைத்துக்கொண்டது.

எல்லோரும் நம்பியிருப்பது ஒன்றையே என்றால், ஆபத்தையும் ஒன்றாகச் சேர்த்தே அளக்க வேண்டும்; தனித்தனியே அளந்தால் ஒவ்வொருவரும் சரியாக இருப்பது போலத் தோன்றும், எல்லோரும் சேர்ந்து மூழ்கும்வரை.