பாறைக்கு யாரும் வராத கோடை

ஒரு காட்டில், குழந்தைகளே, அருவிக்கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. தினமும் விடியற்காலையில் விலங்குகள் அங்கே கூடிச் சூரியனைக் கும்பிடும். கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றுவிட்டு, "எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்" என்று ஒரே குரலில் சொல்லிக் கலையும். ஒருவர் வராவிட்டாலும், மற்றவர்கள் அவருடைய இருப்பிடம் தேடிப் போய் விசாரித்த பிறகுதான் மேய்ச்சலுக்குப் போவார்கள்.

குறிஞ்சி என்ற முயல் ஒருநாளும் தவறியதில்லை. அக்கரையில் வளை தோண்டி வாழ்ந்த தன் தங்கையை அவள் பார்ப்பதே அந்தப் பாறையில்தான்.

அந்த ஆண்டுக் கோடையில் காட்டுத்தீ பிடித்தது. பாதிக் காடு கரியாயிற்று. அருவி நூலாய் இளைத்தது. எஞ்சிய புல்லுக்கு அடிதடி.

அப்போது நரி பாறைமேல் ஏறி நின்றது.

"வயிறு காயும் வேளையில் வழிபாடா? விடிந்ததும் ஓடினால்தான் ஒரு வாய்ப் புல் கிடைக்கும். மழை வரட்டும், ஆற அமரக் கும்பிடலாம். கடவுள் என்ன, கோபித்துக்கொள்வாரா?"

"நியாயம்தானே!" என்றது மான். காட்டுப்பன்றியும் தலையாட்டியது.

"தீ எரியும்போதுதானே தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

குறிஞ்சிக்கு மனம் உறுத்தியது. பசி அதைவிட உறுத்தியது.

மறுநாள் முதல் முள்ளம்பன்றி மட்டும் தனியாகப் போய்க் கும்பிட்டது. ஒன்பதாம் நாள் அது குறிஞ்சியின் வளை வாசலில் வந்து நின்றது.

"உன் தங்கை நலமா, குறிஞ்சி?"

"நலமாகத்தான் இருப்பாள். ஏன் அண்ணா?"

"பாறைப் பக்கம் காணோமே என்று கேட்டேன்."

குறிஞ்சிக்குச் சுருக்கென்றது. "நான்கூடத்தான் வரவில்லை. யார்தான் வருகிறார்கள்?"

"அதுதானம்மா பயமாக இருக்கிறது. வராதவர் யார், வர முடியாமல் போனவர் யார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

குறிஞ்சி அக்கரைக்கு ஓடினாள். தங்கையின் வளை வாசலில் வெள்ளை மயிர் கொத்துக் கொத்தாய்க் காற்றில் புரண்டது. காய்ந்த மண்ணில் நரியின் கால்தடம். பல நாள் பழசு. எறும்புகள்கூட வேலை முடித்துப் போயிருந்தன.

அவள் மானிடம் ஓடினாள். "நரி என் தங்கையைத் தின்றுவிட்டது!"

"மெதுவாகப் பேசு, அவன் காதில் விழப்போகிறது" என்றது மான்.

அப்போதுதான் குறிஞ்சி கவனித்தாள். மானின் பின்னால் எப்போதும் இரண்டு குட்டிகள் நிற்கும். இன்று ஒன்றுதான் நின்றது.

ஒருவழியாக மழை வந்தது. அருவி நிறைந்தது.

"வாருங்கள், இனிக் கும்பிடலாம்!" என்று எல்லோரையும் அழைத்தது நரிதான். கொழுத்த உடம்போடு முன்னால் நின்று, கண்ணை இறுக மூடி, "எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்" என்று உரக்கச் சொன்னது.

வந்திருந்தவர்கள் நாலைந்து பேர். நரியைத் தவிர, முள்ளம்பன்றி ஒன்றுதான் கண்ணை மூடியிருந்தது. குறிஞ்சி வாயைத் திறந்தாள். தினமும் சொன்ன சொல்தான். வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். நரி நிற்கும் இடத்தில் அதுவும் முடியவில்லை.

நீதி: இடர்க்காலத்தில் கைவிட்ட வழிபாடு, நற்காலத்தில் கூப்பிட்டாலும் வருவதில்லை.